தானியங்கி ஸ்கிரிப்ட்டுக்கு டொமைன் அட்மின் உரிமை எதற்கு?

பல சர்வர்களை ஒன்றாக இணைக்கும் கிளஸ்டரை நிறுவும் ஸ்கிரிப்ட் பாதியில் 'அனுமதி மறுக்கப்பட்டது' என்று நின்றால் உடனே அது ஓடும் கணக்கை, நிறுவனத்தின் டொமைன் முழுவதையும், அதாவது அதன் கணினிகளையும் கணக்குகளையும், ஆளும் டொமைன் அட்மின் குழுவில் சேர்த்துவிடுகிறார்கள். வேலை முடிந்ததும் நீக்கிவிடலாம் என்பார்கள். பெரும்பாலும் யாரும் நீக்குவதில்லை. இந்தப் பழக்கம் எனக்கு அறவே பிடிக்கவில்லை.

ஒரு சர்வர் நின்றால் இன்னொன்று வேலையை ஏற்கும் விண்டோஸ் ஃபெயிலோவர் கிளஸ்டரையே எடுத்துக்கொள்ளுங்கள். அதை உருவாக்க டொமைன் அட்மின் உரிமை தேவையே இல்லை. சேரப்போகும் ஒவ்வொரு சர்வரிலும் உள்ளூர் நிர்வாகி உரிமை வேண்டும். டொமைனின் கணக்குகளை வைத்திருக்கும் ஆக்டிவ் டைரக்டரியில் கிளஸ்டரின் பெயரில் ஒரு கணினிக் கணக்கை உருவாக்கும் அனுமதி வேண்டும், அதுவும் ஒரே ஒரு ஓயூவுக்குள், அதாவது டைரக்டரியின் ஒரு உட்பிரிவுக்குள். அதைத் தரவும் தயக்கமென்றால், அந்தக் கணினிக் கணக்கை முன்னதாகவே உருவாக்கி, முடக்கிவைத்து, அதன் மீது மட்டும் ஸ்கிரிப்ட்டின் கணக்குக்கு முழுக் கட்டுப்பாடு கொடுத்துவிடலாம்.

பலரும் தடுமாறுவது இதற்கு அடுத்த கட்டத்தில்தான். கிளஸ்டரில் ஃபைல் சர்வர் போன்ற ஒரு சேவையைச் சேர்க்கும்போது, அதற்கான கணினிக் கணக்கை உருவாக்குவது ஸ்கிரிப்ட்டை ஓட்டும் பயனர் இல்லை, கிளஸ்டரின் சொந்தக் கணக்கு. அதற்கு அந்த ஓயூவில் அனுமதி இல்லாவிட்டால், ஓட்டுபவர் டொமைன் அட்மினாகவே இருந்தாலும் பிழை வரும். விண்டோஸின் கட்டளை மொழியான பவர்ஷெல்லைத் தொலைவிலிருந்து ஓட்டினாலும் இதே கதை: முதல் சர்வரிலிருந்து அடுத்த சர்வருக்கு நம் அடையாளம் இயல்பாகக் கடந்து செல்லாது. அங்கே எழும் மறுப்பை எவ்வளவு பெரிய உரிமையாலும் தீர்க்க முடியாது. கடவுச்சொல்லையே எதிர்முனைக்கு அனுப்பிவைக்கும் கிரெட்எஸ்எஸ்பி என்ற உள்நுழைவு முறையை இதற்காக இயக்குவது இன்னும் மோசம்.

கன்டெய்னர்களில் செயலிகளை ஓட்டும் குபெர்னெட்டிஸ் கிளஸ்டரிலும் இதே அவசரம்தான். யாருக்கு எந்த அனுமதி என்று பிரித்துக்கொடுக்கும் ஆர்பேக் 2017 முதல் நிலையான வசதியாக இருக்கிறது. ஒரு நேம்ஸ்பேஸில், அதாவது கிளஸ்டரின் ஒரு தனிப் பகுதியில், செயலியை நிறுவ அதற்குள் அடங்கிய ஒரு ரோல், அதாவது ஒரு அனுமதித் தொகுப்பு, பெரும்பாலும் போதும். ஆனாலும் செயலியைத் தானாக நிறுவும் பைப்லைனுக்கு, கிளஸ்டர் முழுவதற்குமான கிளஸ்டர்-அட்மின் உரிமையைத் தூக்கிக் கொடுக்கிறார்கள்.

தேவைப்படும் அனுமதிகளைக் கண்டறிந்து எழுத நேரம் பிடிக்கும் என்பது உண்மைதான். ஆனால் ஸ்கிரிப்ட்டுக்கு டொமைன் அட்மின் உரிமை கொடுத்தால், அந்த ஸ்கிரிப்ட்டைத் திருத்த முடிந்த ஒவ்வொருவருக்கும் அதே உரிமை போய்ச் சேருகிறது. நேற்று வேலைக்குச் சேர்ந்தவர் மாற்றும் ஒரு வரியும் டொமைன் முழுவதையும் தொடும்.

ஆகவே வேலையை இரண்டாகப் பிரியுங்கள். ஓயூவையும் கணினிக் கணக்குகளையும் டைரக்டரியைக் கவனிப்பவர்கள் ஒருமுறை தயார்செய்து கொடுக்கட்டும். உள்ளூர் நிர்வாகி உரிமையும் கிளஸ்டரின் கணினிக் கணக்கு மீதான கட்டுப்பாடும் மட்டும் கொண்ட கணக்கில் ஸ்கிரிப்ட் மீதியைச் செய்யட்டும், நிறுவி முடிந்த அன்றே அந்த உரிமைகளும் தானாகக் காலாவதியாகட்டும்.