பாட்டை மட்டும் கழற்றி எடுத்து மார்க் போடாதீர்கள்

அந்தப் பட்டியலைப் பார்த்திருப்பீர்கள். இரண்டு நாளாக எல்லார் ஃபேஸ்புக் சுவரிலும் அதுதான் ஓடுகிறது. ஜேம்ஸ் பாண்ட் இசையமைப்பாளர்கள் தரவரிசை. முதல் மூன்று இடம் டைட்டில் பாட்டு பாடிய அடெல், பில்லி ஐலிஷ், சாம் ஸ்மித். பதினொரு பாண்ட் படத்துக்கு இசையமைத்த ஜான் பாரிக்கு ஏழாவது இடம். காரணம், அந்த மூன்று பாட்டுக்கும் ஆஸ்கர் கிடைத்தது, பாரிக்கு பாண்ட் படத்துக்காக ஒன்றுகூடக் கிடைக்கவில்லை.

அங்கே போய் மரியாதையாக நான்கு வரி எழுதினேன். "அங்கிள், தேய்ஞ்ச ரிக்கார்டைத் திரும்பத் திரும்பப் போடாதீங்க" என்று பதில் வந்தது. அதற்குக் கீழே வரிசையாகச் சிரிப்புக் குறிகள். வலித்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். அங்கே நான்கு வரியில் சொன்னதை இங்கே முழுசாகச் சொல்கிறேன்.

ஸ்கைஃபால் (2012) படத்துக்கு அடெல் இசையமைக்கவில்லை. பால் எப்வர்த்துடன் சேர்ந்து ஒரு பாட்டு எழுதிப் பாடினார். படத்துக்கு இசை தாமஸ் நியூமன். இரண்டே கால் மணி நேரத்துக்கு மேல் ஓடும் அந்தப் படத்தில் நியூமன் அடெலின் மெட்டை வெளிப்படையாக எடுத்தாண்டது ஒரே இடத்தில்தான்: மக்காவ் சூதாட்ட விடுதிக்குப் பாண்ட் படகில் வந்து இறங்கும் காட்சி. பாட்டு ஒருவர் கையில், படம் இன்னொருவர் கையில். பட்டியல் போட்டவர் அந்த இரண்டையும் ஒன்றாக்கிவிட்டார். என் சண்டை இங்கேதான் தொடங்குகிறது.

பாண்ட் படத்தின் டைட்டில் பாட்டு தனிப்பாட்டு இல்லை. மொத்த ரீ-ரிக்கார்டிங்குக்கும், அதாவது பின்னணி இசைக்கும், அதுதான் விதை. அந்த மெட்டு படத்துக்குள் எப்படி முளைக்கிறது என்பதை விட்டுவிட்டு, மூன்றரை நிமிடத்தை மட்டும் வெட்டி எடுத்து மார்க் போடுவதில் அர்த்தமே இல்லை. பாட்டும் பி.ஜி.எம்.மும் ஒரே ஆள் கையிலிருந்து வந்து பழகிய தமிழ் ரசிகருக்கு இதை நான் சொல்ல வேண்டியிருப்பதுதான் எனக்கு ஆற்றாமை.

கோல்ட்ஃபிங்கர் (1964) கேளுங்கள். தொடக்கத்திலேயே பித்தளை ஊதுகருவிகளில் (பிராஸ்) இரண்டு கார்ட், அதாவது சேர்ந்தொலிக்கும் சுரக்கொத்து, மோதும், அடைப்பு வைத்த டிரம்பெட்டுகள் அதற்கு எகிறிப் பதில் சொல்லும். மெட்டு பாரி, வரிகள் ஆண்டனி நியூலியும் லெஸ்லி பிரிக்கஸும். திரையில் டைட்டில் ஓடுவதைப் பார்த்துக்கொண்டே ஷெர்லி பாஸி பாடினார். கடைசி நோட்டை டைட்டில் முடியும்வரை இழுத்துப் பிடித்தார். இதுவரை எல்லாருக்கும் தெரியும். அதற்குப் பிறகு பாரி செய்ததைக் கவனியுங்கள். உடம்பெல்லாம் தங்கம் பூசிக் கிடக்கும் பெண்ணைப் பாண்ட் பார்க்கும்போது அந்த மெட்டின் துண்டு வருகிறது. ஆல்ப்ஸ் மலைச் சாலையில் கார் போகும்போது அதே மெட்டு வேகம் குறைந்து, உல்லாசப் பயணம் மாதிரி. லேசர் கதிர் பாண்டை நோக்கி நகரும்போது அதே மெட்டின் முதல் சில நோட்டுகளை மட்டும் வைத்துக்கொண்டு, திரும்பத் திரும்ப, ஒவ்வொரு முறையும் ஒரு வாத்தியத்தைக் கூட்டிக் கழுத்தை நெரிக்கிறார். ஃபோர்ட் நாக்ஸ் தாக்குதலில் அது படை நடையாகிவிடுகிறது. ஒரு பாட்டுக்கு நான்கு முகம். பாஸி பாடியதை மட்டும் கேட்டால் இதில் எதுவும் உங்களுக்குக் கிடைக்காது.

இப்போது பாண்ட் தீம். பட்டியலில் அதைப் பாரி கணக்கில் எழுதியிருக்கிறார்கள், அதுவும் தப்பு. டாக்டர் நோ (1962) படத்துக்கு அந்த மெட்டைப் போட்டவர் மாண்டி நார்மன். அதை வாத்தியங்களுக்குப் பிரித்து அரேஞ்ச்மென்ட் செய்தவர் பாரி. சம்பளம் 250 பவுண்டு. யாருடைய மெட்டு என்ற வழக்கு 2001-இல் லண்டன் நீதிமன்றம் வரை போய், நார்மன் பக்கம் தீர்ப்பாகி, அவருக்கு 30,000 பவுண்டு இழப்பீடு கிடைத்தது. வி.எஸ். நைபாலின் நாவலை வைத்து ஒரு இசை நாடகத்துக்காக, டிரினிடாட் இந்தியர்கள் பாடுவதாக அவர் முன்பே போட்டு வைத்திருந்த மெட்டு அது. அதன் வேரில் நம் சாயல் இருக்கிறது. ஆக்டோபஸி (1983) படத்தில் உதய்பூர் படித்துறையில் நம்ம சென்னை விஜய் அமிர்தராஜ் மகுடியில் இதே மெட்டை ஊதிப் பாண்டுக்கு அடையாளம் காட்டுவார். அந்தக் காட்சி எனக்கு இன்றும் சந்தோஷம் தரும்.

வீட்டில் ஹார்மோனியமோ கீபோர்டோ இருந்தால் வாசித்துப் பாருங்கள். ஸட்ஜம் மூன்று கட்டை. இடது கையில் ஸட்ஜம் நிற்கட்டும். மேலே பஞ்சமம், சுத்த தைவதம், சதுஸ்ருதி தைவதம், மறுபடி சுத்த தைவதம், அவ்வளவுதான், சுற்றிச் சுற்றி. நம் ராகங்களில் பொதுவாக இரண்டு தைவதத்தையும் இப்படி ஒட்டி வைத்து ஏறி இறங்க மாட்டோம். அந்த நெருடல்தான் 'யாரோ பின்னால் வருகிறார்கள்' என்ற உணர்வு. அதன்மேல் கித்தார்: ஸ ரி ரி ரி ரி, ஸ ஸ ஸ. அடுத்த சுற்றில் ஸ க க க க, ரி ரி ரி. காந்தாரம் சாதாரணம், ரிஷபம் சதுஸ்ருதி. வாசித்தவர் விக் ஃபிளிக். தாழ்ந்த ஸ்தாயியில், தந்தியை அழுத்தி மீட்டி, வாக்ஸ் என்ற ஒலிபெருக்கி வழியாக வந்த முரட்டு நாதம் அது. கடைசியில் நிற்கும் கார்டையும் வாசியுங்கள்: ஸ, க, ப, அதற்கு மேல் காகலி நிஷாதம், அதற்கும் மேல் ரிஷபம். வெறும் மைனர் கார்டாக ஸ க ப மட்டும் வைத்தால் சோகப் பாட்டு முடிந்த மாதிரி இருக்கும். காகலியைச் சேர்த்ததும் கதவு திறந்தே கிடக்கிறது.

ஸ்கைஃபால் பாட்டு ஏன் கேட்டவுடன் பாண்டாக ஒட்டிக்கொண்டது தெரியுமா? அடியில் அதே பஞ்சம தைவத ஊர்தல் ஓடுகிறது. எப்வர்த் பழைய பாட்டுகளைப் படித்துவிட்டுத்தான் உட்கார்ந்திருக்கிறார். அது நல்ல பாட்டு. அடெல் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. ஆனால் அந்தப் பாட்டைத் தாங்குகிற எலும்பு 1962-இல் செய்தது. அந்த எலும்புக்கு வாத்திய உருவம் கொடுத்த பாரியை ஏழாவது இடத்தில் போட்டுவிட்டுத் தோலுக்கு முதல் பரிசா?

"தனித்தனி ஆள் செய்தால் என்ன, கேட்க நல்லா இருந்தால் போதாதா?" என்பார்கள். போதாது. என்ன கெடுகிறது என்று சொல்கிறேன்.

தண்டர்பால் (1965). பாரி முதலில் போட்டது வேறு பாட்டு. டியோன் வார்விக், பாஸி இருவர் குரலிலும் பதிவாகி இருந்தது. படத்தின் பெயர் பாட்டில் வர வேண்டும் என்று கடைசி நேரத்தில் சொல்ல, அவசரமாக டாம் ஜோன்ஸ் பாட்டு உள்ளே வந்தது. ஆனாலும் படத்தில் பல இடங்களில் அந்தப் பழைய பாட்டின் மெட்டு பின்னணியில் உலவுகிறது. தாய்ப்பாட்டு இல்லாத பிள்ளைகள். டுமாரோ நெவர் டைஸ் (1997) படத்திலும் அப்படியே. இசையமைப்பாளர் டேவிட் ஆர்னால்டும் பாடலாசிரியர் டான் பிளாக்கும் கே.டி. லாங் குரலில் ஒரு டைட்டில் பாட்டு செய்து, அதன் பிராஸ் மெட்டைப் படம் முழுக்க விதைத்தார்கள். டைட்டிலில் வந்ததோ ஷெரில் க்ரோ. லாங் பாட்டு படம் முடிந்து மக்கள் எழுந்து போகும்போது வருகிறது. கோல்டன்ஐ (1995) இன்னும் மோசம். டினா டர்னர் பாட்டு யூ2 குழுவின் போனோவும் எட்ஜும் எழுதியது, பின்னணி இசை எரிக் செர்ரா. இரண்டுக்கும் பேச்சுவார்த்தையே இல்லை. செயின்ட் பீட்டர்ஸ்பர்க் டாங்க் துரத்தலுக்கு செர்ரா போட்டதை எடுத்துவிட்டு, ஜான் ஆல்ட்மனை வைத்துப் பாண்ட் தீமோடு புதிதாக எழுத வேண்டியதாயிற்று.

சேர்த்துச் செய்தால் என்ன கிடைக்கும்? கேசினோ ரொயால் (2006). ஆர்னால்டும் பாடகர் கிறிஸ் கார்னெலும் உட்கார்ந்து பாட்டை எழுதினார்கள். பாண்ட் இன்னும் முழுப் பாண்ட் ஆகவில்லை என்பதால், முழுத் தீமைத் தராமல் ஆர்னால்ட் படம் நெடுக அந்தப் பாட்டின் மெட்டைத்தான் கொடுக்கிறார். கடைசிக் காட்சியில் அவன் தன் பெயரைச் சொன்ன பிறகுதான் தீம் முழுசாக வெடிக்கிறது. இந்த ஒன்றுக்காகவே ஆர்னால்டை என் பட்டியலில் இரண்டாவதாக வைப்பேன். தி லிவிங் டேலைட்ஸ் (1987) படத்தில் கொலைகாரன் வாக்மேனில் ஒரு பாட்டு கேட்டுக்கொண்டே வருவான். அந்தப் பாட்டின் மெட்டையே பாரி அவனுக்கான ஆபத்து இசையாக்கினார். அதுதான் பாரியின் கடைசிப் பாண்ட். மொத்தம் 11 படம்.

"ஹிட் ஆனதா, அதைச் சொல்லுங்க" என்று ஒரு தம்பி. சரி, ஹிட் கணக்கே பார்ப்போம். அமெரிக்க பில்போர்டு பாடல் தரவரிசையில் முதலிடம் பிடித்த ஒரே பாண்ட் பாட்டு 1985-இல் வந்த ஏ வியூ டு ஏ கில். டுரான் டுரான் குழுவோடு சேர்ந்து அதை எழுதியவர் ஜான் பாரி! அந்த எகிறல் பாட்டையே வேகம் தணித்துப் படத்தில் காதல் இசையாகவும் வைத்தார். ஆஸ்கர் கணக்கா? பாரி வீட்டில் ஐந்து ஆஸ்கர் இருந்தது, எல்லாம் வேறு படங்களுக்கு. பாண்டுக்கு அவரைப் பரிந்துரைகூடச் செய்யாதது ஆஸ்கரின் குறை.

பால் மெக்கார்ட்னி பெயரைச் சொல்லவில்லையே என்பார்கள். லிவ் அண்ட் லெட் டை (1973) படத்தில் அவர் பாட்டைப் படத்துக்குள் கொண்டுபோனவர் ஜார்ஜ் மார்ட்டின். பாட்டையும் மார்ட்டின்தான் தயாரித்தார், பின்னணி இசையும் அவரே. மறுபடி என் கட்சிதான். பாரியிடம் சறுக்கலே இல்லையா? உண்டு. தி மேன் வித் தி கோல்டன் கன் (1974) படத்தில் கார் ஆற்றின்மேல் முறுக்கிக்கொண்டு தாவும் அற்புதமான சாகசக் காட்சிக்கு விசில் சத்தம் வைத்துக் கெடுத்தார். அவரே பின்னாளில் வருந்தினார். மூன்று வாரத்தில் முடிக்கச் சொன்னால் அப்படித்தான் ஆகும்.

நான் பழசைப் பிடித்துத் தொங்குகிறவன் என்றால், நோ டைம் டு டை (2021) ஏன் எனக்குப் பிடிக்கிறது? பில்லி ஐலிஷும் அண்ணன் ஃபினியஸும் பாட்டு எழுதினார்கள், ஆர்கெஸ்ட்ராவில் படத்தின் இசையமைப்பாளர் ஹான்ஸ் ஸிம்மரின் கை இருந்தது, கித்தார் ஜானி மார். பாட்டு முடியும் இடத்தில் அதே காகலி நிஷாதக் கார்ட். பிறகு அந்த மெட்டைப் படத்துக்குள்ளும் ஸிம்மர் கொண்டுபோனார். இந்தப் படத்தைப் புகழும்போதுகூடப் பட்டியல்காரர் ஸிம்மர் பெயரை எழுதவில்லை.

ஸிம்மர் இன்னொன்றும் செய்தார். ஆன் ஹெர் மெஜஸ்டிஸ் சீக்ரெட் சர்வீஸ் (1969) படத்துக்கு பாரி ஒரு பாட்டு போட்டார், ஹால் டேவிட் வரிகளுக்கு: 'வீ ஹாவ் ஆல் தி டைம் இன் தி வேர்ல்ட்'. ஜாஸ் பாடகரும் டிரம்பெட் கலைஞருமான லூயி ஆம்ஸ்ட்ராங்தான் பாட வேண்டும் என்று பாரி கேட்டு வாங்கினார். ஆம்ஸ்ட்ராங் அப்போது நெடுநாள் நோயில் கிடந்து எழுந்தவர். டிரம்பெட் ஊத மூச்சில்லை, வேறொருவர் ஊதினார். அவர் பாட மட்டும் செய்தார். இரண்டே வருடத்தில் இறந்தும் போனார். படத்தில் அந்தப் பாட்டு பாண்டும் டிரேசியும் காதலித்துத் திரியும்போது வரும். கடைசியில், கல்யாணமான அன்றே காரில் அவள் சுடப்பட்டுக் கிடக்கும்போது, குரல் இல்லாமல் மெட்டு மட்டும் மெல்ல வரும். வார்த்தை நமக்குள்ளேயே ஓடும். அந்த இடத்தை எந்த விருதால் அளப்பீர்கள், சொல்லுங்கள். வெளிவந்தபோது பிரிட்டனில் அந்தத் தட்டு போணியாகவில்லை. 25 வருடம் கழித்து, 1994-இல், ஒரு பீர் விளம்பரத்தில் வந்த பிறகு அங்கே மூன்றாம் இடம் வரை ஏறியது.

2021 படத்தில் இத்தாலியின் மட்டேரா மலைச்சாலையில் பாண்ட் அந்தப் பாட்டின் வரியையே காதலி மெட்லினிடம் சொல்கிறான், அடியில் பாரியின் மெட்டு ஓடுகிறது. கடைசியில் பெயர்கள் ஓடும்போது ஆம்ஸ்ட்ராங்கே பாடுகிறார்.