சூரியகாந்தி நட்ட மண்

1996 ஜூன் 4 அன்று உக்ரைனின் பெர்வோமைஸ்க் ஏவுகணைத் தளத்தில் அமெரிக்கா, ரஷ்யா, உக்ரைன் ஆகிய மூன்று நாடுகளின் பாதுகாப்பு அமைச்சர்களும் குனிந்து நின்று சூரியகாந்தி நட்டார்கள். அணு ஏவுகணைகள் நின்ற மண் அது. உக்ரைனிலிருந்த கடைசி அணுகுண்டும் ரஷ்யாவுக்குப் போய்ச் சேர்ந்து அப்போது சில நாட்களே ஆகியிருந்தன.

அந்தப் புகைப்படத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிகிறது.

சோவியத் ஒன்றியம் உடைந்தபோது உலகின் மூன்றாவது பெரிய அணு ஆயுதக் குவியல் உக்ரைன் மண்ணில் இருந்தது. ஏவும் அதிகாரம் மாஸ்கோவிடம்தானே இருந்தது என்பார்கள். உண்மைதான். ஆனாலும் அதைக் கொடுத்ததற்கு ஈடாக 1994 டிசம்பரில் புடாபெஸ்டில் ஒரு வாக்குறுதி எழுதித் தரப்பட்டது. உக்ரைனின் எல்லைகளை மதிப்போம், அதன்மீது படைபலம் பயன்படுத்தமாட்டோம் என்று ரஷ்யா, அமெரிக்கா, பிரிட்டன் மூன்றும் கையெழுத்திட்டன. 1999-இல் எரிவாயுக் கடனுக்காக குண்டுவீச்சு விமானங்களையும் நூற்றுக்கணக்கான குரூஸ் ஏவுகணைகளையும்கூட உக்ரைன் ரஷ்யாவிடமே ஒப்படைத்தது. 2014-இல் கிரிமியா பறிபோனது. 2022-இல் டாங்கிகள் கீவ் வாசலுக்கே வந்துவிட்டன.

அதே ரஷ்யாதான் இன்னும் ஆயுதத்தைக் குறை என்கிறது. 2022 இஸ்தான்புல் பேச்சுவார்த்தை வரைவில் ரஷ்யா கேட்டதைப் பாருங்கள்: உக்ரைன் படையில் 85,000 பேர், 342 டாங்கிகள், 40 கிலோமீட்டருக்கு மேல் பாயாத ஏவுகணைகள். கார்கிவ் நகரிலிருந்து ரஷ்ய எல்லையே ஏறக்குறைய அவ்வளவு தூரம்தான். அந்த ஊரின் மீது குண்டு பொழியும் விமானம் எந்தத் தளத்திலிருந்து கிளம்பினாலும் இவர்கள் அதைத் தொடவே கூடாது என்பதுதான் அந்த எண்ணின் பொருள். இதற்குச் சமாதானம் என்று பெயர் வைக்க எனக்கு மனம் வரவில்லை. 2025 நவம்பரில் வெளியான அமெரிக்கத் திட்டமும் படைக்கு ஆறு லட்சம் என்று உச்சவரம்பு போட்டது. படையெடுத்து வந்த நாட்டின் ராணுவத்துக்கு அதில் எந்த வரம்பும் இல்லை.

நான் அணுகுண்டை வெறுப்பவன். உக்ரைன் அதைக் கைவிட்டது சரி என்றே இன்றும் நம்புகிறேன். அதனால்தான் கோபம் இரட்டிப்பாகிறது. இனி எந்தச் சிறிய நாட்டிடம் போய், ஆயுதத்தைக் கீழே வை, நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்று சொல்வார்கள்?