கேரளா கோவளத்துக்கு ரெண்டு நாள் முன்னாடியே போனது எதுக்கு?

கல்யாணம் ஞாயித்துக்கிழமை. வெள்ளியே போய்க் கடலைப் பார்த்துக்கிட்டு சும்மா கிடக்கலாம்னுதான் ஆறு பேரும் லீவு போட்டு எழும்பூர்ல ரயில் ஏறினோம். கிடந்தோமா? காலை ஆறரைக்கே கதவைத் தட்டுறாங்க, சங்கீத்துக்கு, அதான் வடநாட்டுக் கல்யாண ஆட்டம்பாட்டத்துக்கு, டான்ஸ் பிராக்டிஸாம்! நம்ம ஊர்க் கல்யாணத்துக்கு நலங்கு போதாதா? ஹல்திக்கு மஞ்சள், மெஹந்திக்குப் பச்சைன்னு குர்தா தேடியே திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவுல அரைநாள் போச்சு.

1972-ல திறந்த விழிஞ்ஞம் கலங்கரை விளக்கம், சிவப்பும் வெள்ளையுமா ஜன்னலுக்கு நேரே நிக்குது. யாரும் ஏறிப் பார்க்கலை. அதுக்கு எதிர்ல நின்னு எடுத்த ரீல் மட்டும் 11 டேக்! என் இளநீர் வெயில்ல சூடாகி, ஸ்ட்ராவைச் சுத்தி எறும்பு.

எத்தனை வருஷம் கழிச்சு ஒண்ணா சேர்ந்திருக்கோம்டா! பத்து நிமிஷம் உக்காந்து பேசினோமா?