விண்ணப்பம் போடு தம்பி, ஆனால் ஒன்றைக் கேட்டுவிட்டுச் சேர்

என்னோடு ஆய்வு மாணவனாக இருந்த தேவகோட்டைத் தம்பி ஒருவன் போன வாரம் போன் செய்தான். "அக்கா, ஒரு பல்கலைக்கழகத்துல ஹெல்த் கம்யூனிகேஷனுக்கு உதவிப் பேராசிரியர் எடுக்குறாங்க. பாடமும் எடுக்கணும், ஆராய்ச்சியும் பண்ணணுமாம். போடவா?"

போடு என்றேன். போனை வைத்த பிறகுதான், சொல்ல வேண்டியது நிறைய இருந்ததே என்று தோன்றியது. இதே மாதிரி வேலையில் எனக்கு இது மூன்றாவது வருடம். அவனுக்குச் சொல்ல நினைத்ததை இங்கே எழுதுகிறேன். இந்த வேலையைப் பற்றி யோசிக்கிற மற்றவர்களும், முக்கியமாக இந்தப் பணியிடங்களை உருவாக்குகிறவர்களும் படிக்க வேண்டும்.

முதலில் என் அப்பத்தா கதை. புதுவயலில் இருந்தார், சர்க்கரை நோய், மாத்திரை தவறாமல் போடுவார். ஒரு நாள் ரத்தம் எடுத்துப் பார்த்த ஆஸ்பத்திரியில் "சுகர் நார்மலா இருக்கும்மா" என்றார்கள். அப்பத்தா வீட்டுக்கு வந்து மாத்திரை டப்பாவைத் தூக்கிப் பரணில் வைத்துவிட்டார். நோய் போய்விட்டது, இனி எதற்கு மாத்திரை? ஐந்து மாதம் எங்கள் யாருக்கும் தெரியாது. செருப்பு கடித்த புண் ஆறாமல் பழுத்து, இரண்டு கால்விரல்களை எடுக்க வேண்டியதாகிவிட்டது. டாக்டர் சொன்னது சரி. அப்பத்தாவும் அந்தச் சொல்லுக்கு ஊரில் என்ன பொருளோ அதைத்தான் எடுத்துக்கொண்டார். நடுவில் தவறிப்போனதைப் பிடிப்பதுதான் ஹெல்த் கம்யூனிகேஷன், அதாவது சுகாதாரத் தொடர்பியல் என்று நான் என் மாணவர்களுக்குச் சொல்வேன். கொள்கை, மாதிரி, கோட்பாடு எல்லாம் அப்புறம்.

ஆரம்ப சுகாதார நிலையத்தின் பெஞ்சில் ஒரு காலைப்பொழுது உட்கார்ந்தால் இப்படிப் பத்து கிடைக்கும். எங்கள் பக்கம் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் "எனக்கு உப்பு இருக்கு" என்பார்கள். யூரியா, கிரியாட்டினின் கூடியிருப்பதைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். ரத்தக்கொதிப்பு உள்ள ஒரு ஆச்சியிடம் செவிலியர் "உப்பைக் குறைங்க" என்று சொன்னபோது, "எனக்கு உப்பு இல்லைன்னு டெஸ்ட்ல வந்திருச்சே" என்று அவர் பதில் சொன்னதை நானே கேட்டேன். ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவாக, அதாவது ஒரு தேக்கரண்டிக்கு உள்ளாக, உப்பு சேர்த்துக்கொள்ளச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். அதைப் போஸ்டரில் எழுதி ஒட்டிவிடலாம். ஆனால் குழம்பில் உப்பைக் குறைத்த கையோடு மோர் மிளகாயும் சுண்டவற்றலும் ஊறுகாயும் தொட்டுக்கொள்கிற வீட்டில் அந்த ஒரு தேக்கரண்டி எங்கே ஆரம்பித்து எங்கே முடிகிறது? இங்கே சமையல்கட்டுக்குள் நுழையாமல் உப்பைப் பற்றிப் பேசவே முடியாது.

கவுனி அரிசியும் அப்படித்தான். நார்ச்சத்து உள்ள கறுப்பரிசி, நல்ல அரிசிதான். "கவுனி சாப்பிட்டால் சுகர் குணமாகும்" என்று சிங்கப்பூரில் இருக்கும் மகன் வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார். இங்கே அம்மா அதைச் சர்க்கரையும் நெய்யும் தேங்காய்ப்பூவும் போட்டுக் கிண்டிச் சாப்பிடுகிறார். செட்டிநாட்டில் எத்தனையோ பெரிய வீடுகளில் வயதானவர் ஒருவரோ இருவரோதான் இருக்கிறார்கள். மாத்திரை அட்டையில் இருக்கும் ஆங்கிலத்தைப் படித்துச் சொல்லப் பக்கத்தில் ஆளில்லை. ஆலோசனையெல்லாம் வீடியோ காலில்தான் வருகிறது. இந்த ஊர்களுக்கு ஏற்ற சுகாதாரத் தொடர்பியலைச் சென்னையிலோ டெல்லியிலோ உட்கார்ந்து யாரும் எழுதிக் கொடுத்துவிட முடியாது.

2021 ஏப்ரல் நினைவிருக்கிறதா? நடிகர் விவேக் 15-ஆம் தேதி தடுப்பூசி போட்டுக்கொண்டார், மற்றவர்களையும் போட்டுக்கொள்ளச் சொன்னார். 17-ஆம் தேதி மாரடைப்பால் இறந்துபோனார். தடுப்பூசிக்கும் மாரடைப்புக்கும் தொடர்பில்லை என்று மருத்துவர்கள் உடனே சொன்னார்கள். மத்திய அரசின் நிபுணர் குழுவும் பின்னர் அதையே சொன்னது. ஆனால் எங்கள் தெரு டீக்கடையில் அந்த விளக்கம் எடுபடவே இல்லை. விளக்கம் சொன்ன யாரையும் அந்த டீக்கடைக்கு முன்பே தெரியாது. அதே ஆண்டு ஆகஸ்டில் தமிழ்நாடு அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் தொடங்கி, உள்ளூர்ப் பெண்களே வீட்டுக்கு வந்து ரத்த அழுத்தம் பார்த்து மாத்திரை கொடுக்கத் தொடங்கிய பிறகு, அந்த அக்கா சொன்னால் கேட்கிறார்கள். நம்பிக்கை என்பது நோய் வருவதற்கு முன்பே சேர்ந்திருக்க வேண்டிய ஒன்று என்பதை நான் பாடப்புத்தகத்தில் படித்திருந்தேன். புரிந்தது அந்த அக்காக்களின் பின்னால் நடந்தபோதுதான்.

சரி, வேலைக்கு வருகிறேன்.

பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) 2018 விதிமுறைப்படி உதவிப் பேராசிரியர் வாரத்துக்கு 16 மணி நேரம் நேரடியாகக் கற்பிக்க வேண்டும். தயாரிப்பு, விடைத்தாள், கல்லூரியின் தரத்தை மதிப்பிட வரும் நாக் கமிட்டிக்கான கோப்புகள் எல்லாம் அதற்கு மேல். நிரந்தரப் பணியென்றால் தொடக்க அடிப்படை ஊதியம் 57,700 ரூபாய். தொகுப்பூதியத்தில் எடுத்தால் எவ்வளவு என்பதைச் சேரும் முன்பே எழுத்தில் வாங்கிக்கொள். உதவிப் பேராசிரியர் தகுதிக்கான நெட் தேர்வில் ஹெல்த் கம்யூனிகேஷன் என்று தனிப் பாடம் கிடையாது. இதழியல் வழியாகவோ, சமூக மருத்துவம் வழியாகவோ வர வேண்டும். அதனால் நேர்காணலில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு உன் துறை பாதிதான் புரியும். பொறுமையாக விளக்கு.

எனக்கு மனசு தாங்காத இடம், ஆசிரியரின் ஆய்வுப் பணிக்கு யுஜிசி புள்ளி போடும் அட்டவணை. சமூக அறிவியலில் ஓர் ஆய்வுக் கட்டுரைக்கு 10 புள்ளி. ஊர் மக்களோடு உட்கார்ந்து, நாலு தடவை திருத்தி, பாமரருக்கும் புரிகிற மாதிரி தமிழில் ஒரு துண்டறிக்கை தயாரித்தால் அதற்கென்று அந்த அட்டவணையில் ஓர் இடம் இல்லை. இந்தத் துறைக்கு அதுதானே ஆய்வுக்கூடம்? வேதியியல்காரருக்குக் கூடத்தில் நின்ற நேரம் வேலை நேரம். எனக்குக் களத்தில் உட்கார்ந்த நேரம் விடுப்பு. நோயாளிகளிடம் பேச நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் வேண்டும், சுகாதாரத் துறையின் அனுமதி வேண்டும். இரண்டும் மிகச் சரியானவை, இரண்டுக்கும் மாதக்கணக்காகும். இந்த மாதங்களைக் கணக்கில் எடுக்காமல் "முதல் வருடத்தில் எத்தனை கட்டுரை?" என்று கேட்டால், இளம் ஆசிரியர் என்ன செய்வார்? கூகுள் படிவத்தைக் கல்லூரி வாட்ஸ்அப் குழுவில் போட்டு, இருநூறு மாணவர்களிடம் பதில் வாங்கி, கட்டுரையாக்கிவிடுவார். அப்படி எழுதிய கட்டுரை என்னிடமும் ஒன்று இருக்கிறது. அதில் என் அப்பத்தா மாதிரி ஒருவர்கூட இல்லை.

ஆகவே தம்பி, நேர்காணலில் கடைசியில் "உங்களுக்கு ஏதாவது கேட்கணுமா?" என்பார்கள். அப்போது கேள்: வாரத்தில் ஒரு நாள் களத்துக்கு ஒதுக்குவீர்களா, அதைப் பணிநாளாகப் பதிவு செய்வீர்களா? சம்பளத்தைவிட இதை அழுத்திக் கேள். முகம் சுளித்தால், நீ சேரப்போவது வேறு ஏதோ வேலை என்று தெரிந்துகொள்.

இன்னொன்று. பழசைத் தேட வெளியே போக வேண்டாம். நம்ம கோட்டையூர் ரோஜா முத்தையா வாழ்நாளெல்லாம் சேர்த்த நூல்களும் இதழ்களும்தான் 1994-இல் சென்னையில் ஆராய்ச்சி நூலகமாயின. அதில் நாட்டு மருத்துவ நூல்களும் உண்டு. அந்தக் காலத்தில் நோயைப் பற்றித் தமிழில் எப்படிப் பேசினார்கள் என்று பார்க்க அங்கே போ.

போன மாதம் என் மாணவிகள் நான்கு பேரோடு "நார்மல்" என்ற சொல்லுக்குப் பதில் தேடினோம். "கட்டுக்குள் இருக்கிறது" என்று எழுதிப் படித்துக் காட்டினோம், திருப்பிச் சொல்லச் சொன்னோம். "நல்லாயிருச்சுன்னு சொல்றீக" என்றார்கள். "அளவு சரியாக இருக்கிறது" என்று மாற்றினோம், அதே பதில். நாலாவது வெள்ளிக்கிழமை, பள்ளத்தூர்ப் பக்கத்து ஆச்சி ஒருவர் எங்கள் தாளை வாங்கிக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: "கண்மாயில தண்ணி அடங்கி நிக்குதுன்னா கரை இருக்குறதாலதானே ஆத்தா? மாத்திரைதான் கரைன்னு சொல்லுங்க. கரையை வெட்டுனா என்னாகும்னு எல்லாருக்கும் தெரியும்."

அதைத்தான் இப்போது எழுதி ஒட்டியிருக்கிறோம். அந்த நான்கு வெள்ளிக்கிழமைகளும் என் வருகைப் பதிவேட்டில் தற்செயல் விடுப்பு.