ஜல்லிக்கல் படுத்தும் பாடு

காரைக்குடியில் எங்கள் தெருக்கள் நூல் பிடித்தது போல நேராக ஓடும். ஸ்கேட்போர்டுக்கு இதைவிட என்ன வேண்டும்? ஆனால் குழாய்க்குத் தோண்டி மூடும்போதெல்லாம் ஜல்லியை இறைத்துவிட்டுப் போய்விடுகிறார்கள். என் சக்கரம் 52 மில்லிமீட்டர், கெட்டியான யூரித்தேன் பிளாஸ்டிக். பட்டாணி அளவு கல் சிக்கினாலே பலகை நின்றுவிடும், நான் மட்டும் முன்னே போய் விழுவேன். இந்த மாதம் முழங்கை சிராய்த்தது இரண்டாவது தடவை.

சரி என்று காலியாகக் கிடக்கும் மண்டப முற்றத்துக்குப் போனால், "பொம்மை வண்டி ஓட்டுற வயசா? உங்க அப்பச்சி பார்த்தா என்ன சொல்வாக?" என்று விரட்டுகிறார்கள். 2021இல் டோக்கியோ ஒலிம்பிக்கிலேயே ஆடிய ஆட்டம் இது! கையால் பிடிக்காமல் பலகையோடு துள்ளி எழும் 'ஆலி' ஒழுங்காக வர எனக்கு ஐந்து மாதம் ஆனது. விழுந்தவன் எழுந்து மறுபடி முயன்றால் முன்பின் தெரியாதவர்கள்கூடக் கைதட்டுவார்கள். அதற்காகவே இதை விடமாட்டேன். நாளைக் காலை விளக்குமாறோடு கிளம்புகிறேன்.