25ஆம் தேதி என்றால் 25ஆம் தேதிதான்!

எங்கள் பெரியப்பாவின் கல்யாண மண்டபம் கும்பகோணத்துக்கும் மயிலாடுதுறைக்கும் நடுவில் ஒரு சின்ன ஊரில் இருக்கிறது. 22 வருடமாக அவர் முகூர்த்தத் தேதிகளை நீளமான ஒரு நோட்டில்தான் எழுதிவந்தார். ஒரு தேதிக்கு ஒரு பக்கம். அட்வான்ஸ் கைக்கு வந்ததும் பெண் வீடு, மாப்பிள்ளை வீடு, ஊர், தொகை எல்லாம் எழுதிவிட்டுப் பக்கத்தின் குறுக்கே சிவப்பு மையில் ஒரு கோடு போடுவார். கோடு விழுந்தால் அந்தத் தேதி போனது போனதுதான். அத்தனை வருடத்தில் ஒரே நாளுக்கு இரண்டு கல்யாணம் வந்து நின்றதே கிடையாது.

அந்த நோட்டை மூட வைத்தவன் நான். போனிலேயே காலண்டர் இருக்கிறது, துபாயில் இருக்கும் அண்ணன் பார்க்கலாம், கணக்குப்பிள்ளை பார்க்கலாம், எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தெரியும் என்று சொல்லிச் சொல்லி அவரைச் சம்மதிக்க வைத்தேன். அதனால்தான் இன்றைக்கு இவ்வளவு வயிற்றெரிச்சல்.

அந்த ஆப்பில் ‘நாள் முழுவதும்’ என்று ஒரு பொத்தான் இருக்கிறது. அதைத் தட்டினால் மணி கேட்காது, தேதி மட்டும் போதும். எங்களுக்கு வேண்டியதும் அதுதான். மண்டபத்துக் கணக்கில் மணி கிடையாது. "25 முகூர்த்தம்" என்பதுதான் எங்கள் பேச்சு. அந்த ஒரு சொல்லில் எல்லாம் அடக்கம்: 24ஆம் தேதி மதியம் 3 மணிக்குச் சாவி கொடுப்போம், சாயங்காலம் மாப்பிள்ளை அழைப்பு, மறுநாள் காலை தாலி கட்டு, மதியப் பந்தி முடிந்ததும் பாத்திரம் எண்ணி, கரண்ட் மீட்டர் பார்த்து, 2 மணிக்குள் காலி. 24ஆம் தேதி முகூர்த்தக்காரர்கள் 2 மணிக்குக் கிளம்பினால் 25ஆம் தேதிக்காரர்கள் 3 மணிக்கு இறங்குவார்கள். நடுவில் ஒரு மணி நேரம் கூட்டிக் கழுவ. எத்தனையோ வருடமாக இப்படித்தான் ஓடுகிறது.

போன தை மாதம், ஜனவரி 25ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை ஒரு கல்யாணம். ‘நாள் முழுவதும்’ போட்டு நானே பதிந்தேன். என் போனில் சரியாக 25இல் உட்கார்ந்திருந்தது. துபாயில் அண்ணன் போனில் அது 24, 25 இரண்டு நாளிலும் நீளமாகப் படுத்துக் கிடந்திருக்கிறது! ஏன் தெரியுமா? இந்த ஆப் தேதியைத் தேதியாக வைத்துக்கொள்வதில்லை. ‘இந்திய நேரம் நள்ளிரவு 12 முதல் மறு நள்ளிரவு 12 வரை’ என்று 24 மணி நேரமாக மாற்றி வைத்துக்கொள்கிறது. துபாய் நம்மைவிட ஒன்றரை மணி நேரம் பின்னால். ஆகவே அங்கே எங்கள் 25ஆம் தேதி, 24ஆம் தேதி இரவு பத்தரைக்கே தொடங்கிவிடுகிறது. அங்கே வேலை பார்க்கும் நம்ம பக்கத்துக் குடும்பம் ஒன்று அண்ணனிடம் 24ஆம் தேதியைக் கேட்டார்கள். அவர் போனைப் பார்த்தார், இரண்டு நாளும் பதிந்திருந்தது, இல்லை என்று சொல்லிவிட்டார். அவர்கள் ஆடுதுறைப் பக்கம் வேறு மண்டபம் பார்த்துக்கொண்டார்கள். தை மாதத்துச் சனிக்கிழமை முகூர்த்தம், எங்கள் மண்டபம் பூட்டிக் கிடந்தது. மார்கழியில் கல்யாணம் கிடையாது, ஆடியில் கிடையாது, பல வீடுகளில் புரட்டாசியும் கிடையாது. மிச்ச மாதங்களிலும் நல்ல முகூர்த்தம் விரல் விட்டு எண்ணக்கூடியதுதான். அதில் ஒன்று போனால் திரும்பி வருமா?

யாரிடம் சொன்னாலும், "செட்டிங்க்ஸ்ல நேர மண்டலத்தை மாத்திப் பாருங்க" என்கிறார்கள். எதற்கு மாற்ற வேண்டும்? அண்ணன் துபாயில் இருக்கிறார், அவர் போன் துபாய் நேரம் காட்டுவதுதான் நியாயம். ஆபீஸுக்குப் போக அவருக்கு அந்த நேரம் வேண்டும். ஜூன் 12 என்றால் டெல்டாவில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும், குறுவைக்கு மேட்டூர் திறக்கும் நாள். சில வருடம் தண்ணீர் இல்லாமல் தள்ளிப்போகும், 2022இல் மே 24ஆம் தேதியே திறந்தார்கள், அது வேறு. ஆனால் அபுதாபியில் இருக்கும் நம்ம ஊர்க்காரனுக்கும் சிங்கப்பூரில் இருப்பவனுக்கும் ஜூன் 12 என்றால் ஜூன் 12தான். அபுதாபியில் அது ஜூன் 11 இரவு பத்தரைக்கு ஆரம்பிக்கிறது என்று எவனாவது சொல்வானா? இந்த ஆப் சொல்லும்!

இது உலகத்தில் யாருக்கும் தெரியாத சங்கதியும் இல்லை. காலண்டர் ஆப்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ள ஐகேலண்டர் என்று ஒரு தரநிலை இருக்கிறது. 1998இல் வந்தது, 2009இல் ஆர்எஃப்சி 5545 என்ற இணையத் தரநிலை ஆவணமாகத் திருத்தி வெளியிட்டார்கள். ‘தேதி மட்டும்’ என்று ஒரு வகை, ‘தேதியும் நேரமும்’ என்று ஒரு வகை, இரண்டையும் அதில் தெளிவாகப் பிரித்தே வைத்திருக்கிறார்கள். தேதி மட்டும் என்றால் அதற்கு நேர மண்டலமே கிடையாது. எந்த நாட்டில் திறந்தாலும் அதே தேதி. இவ்வளவு வருடம் முன்பே எழுதிவைத்த விஷயத்தைப் பார்த்துச் செய்ய ஒரு ஆப்புக்கு என்ன கஷ்டம்?

அந்தத் தரநிலையில் ஒரு நுணுக்கம் உண்டு. முடியும் தேதி கணக்கில் சேராது. 25ஆம் தேதி மட்டும் என்றால் உள்ளே ‘25 முதல் 26 வரை’ என்று இருக்கும். அது புரிந்த ஆப் 25 என்று காட்டும். புரியாதது 26ஐயும் சேர்த்துக்கொள்ளும். நான் பதிவுகளை இன்னொரு மென்பொருளுக்கு மாற்றியபோது எல்லாக் கல்யாணத்துக்கும் ஒரு நாள் கூடிவிட்டது. அதை ஒவ்வொன்றாகத் திருத்தி முடிக்க ஒரு வாரம் ஆனது.

இதெல்லாம்கூடப் போகட்டும். வைகாசியில் நடந்ததைத்தான் என்னால் மறக்க முடியவில்லை.

கல்யாண வீட்டாரின் போன் நம்பர், அட்வான்ஸ் தொகையெல்லாம் எல்லோர் கண்ணிலும் படவேண்டாம் என்று கணக்குப்பிள்ளைக்கு ‘காலியா, பிஸியா’ என்பது மட்டும் தெரிகிற மாதிரி வைத்திருந்தேன். ஒரு வெள்ளிக்கிழமை முகூர்த்தத்தைப் பெரியப்பா சொல்ல நான் பதிந்தேன். பத்து நாள் கழித்து இன்னொரு வீட்டார் அதே தேதி கேட்டு வந்தார்கள். கணக்குப்பிள்ளை பார்த்தார். காலி. 20,000 ரூபாய் அட்வான்ஸ் வாங்கி ரசீது போட்டுக் கொடுத்துவிட்டார். அவர்மேல் என்ன குற்றம்? ‘நாள் முழுவதும்’ என்று போட்டால் இந்த ஆப் அந்த நாளைத் தானாகவே ‘காலி’ என்று குறித்துக்கொள்கிறதாம்! திரையின் அடியில், இழுத்துப் பார்த்தால் மட்டும் தெரியும் இடத்தில், அதை மாற்ற ஒரு சின்னப் பெட்டி. மணி போட்டு அரை மணி நேர வேலையைப் பதிந்தால் ‘பிஸி’. நாள் பூராவும் எடுத்துக்கொள்ளும் கல்யாணத்தைப் பதிந்தால் ‘காலி’. எந்த ஊர் நியாயம் இது? தரநிலையில்கூட எதுவும் குறிப்பிடாவிட்டால் ஒரு நிகழ்ச்சியை பிஸியாகத்தான் கொள்ளவேண்டும் என்று இருக்கிறது. யாருக்கோ பிறந்தநாளும் பண்டிகை விடுமுறையும் குறித்துவைக்க வசதியாக இருக்கட்டும் என்று இப்படிச் செய்திருக்கிறார்கள். அதை ஒரு வார்த்தை கேட்டுவிட்டுச் செய்யக்கூடாதா?

விஷயம் தெரிந்தபோது அந்த வீட்டில் பத்திரிகை அடித்து முடித்திருந்தார்கள். பெண்ணின் அப்பா மண்டபத் திண்ணையில் வந்து உட்கார்ந்தார். சத்தம் போடவில்லை. மஞ்சள் தடவிய பத்திரிகையை மடியில் வைத்துக்கொண்டு, "தம்பி, குலதெய்வத்துக்கு முதல் பத்திரிகை வச்சாச்சே, நான் இப்ப என்ன செய்யறது?" என்று கேட்டார். பெரியப்பா எழுந்துபோய் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். 75 வயது மனுஷர், ஊரில் யாரிடமும் தலைகுனிந்து நிற்காதவர், அன்றைக்கு நின்றார். பணத்தைத் திருப்பிக் கொடுத்து, பக்கத்து ஊர் மண்டபத்தில் நாங்களே பேசி இடம் பிடித்து, வாடகை வித்தியாசத்தையும் நாங்களே கட்டினோம். அந்தப் பத்திரிகைகளை என்ன செய்தார்களோ தெரியாது. எனக்குக் கேட்க வாய் வரவில்லை.

நினைவூட்டலைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அரை மணி நேரம் முன்னால் ஞாபகப்படுத்து என்று வைத்தால், நள்ளிரவிலிருந்து பின்னோக்கி எண்ணி முதல் நாள் இரவு பதினொன்றரைக்கு அலறுகிறது. அந்நேரம் மாப்பிள்ளை அழைப்பே முடிந்து சமையல்காரர் காய் நறுக்கிக்கொண்டிருப்பார்.

ஆடிப்பெருக்கை வருடாவருடம் வரும்படி வைத்தேன், அதுவும் ஒத்துவரவில்லை. ஆடி 18 ஒரு வருடம் ஆகஸ்ட் 2இல் வரும், ஒரு வருடம் 3இல் வரும். அப்பாவின் திதியும் அப்படித்தான் நகரும். இதை நான் குறையாகச் சொல்லவில்லை. பஞ்சாங்கம் அதற்குத் தெரியாது, சரி. நம்ம நாள் சூரிய உதயத்தில் தொடங்குகிறது, "வெள்ளி விடிஞ்சா சனி" என்று பேசுவோம், அதையும் அது தெரிந்துகொள்ள வேண்டாம். ஆனால் 25 என்று நான் எழுதியது இங்கிலீஷ் தேதிதானே? அது அந்த ஆப்பின் சொந்தக் கணக்குதானே? அதையாவது ஒழுங்காக வைத்துக்கொள்ளக் கூடாதா?

வைகாசி முடிந்ததும் பெரியப்பா ஒன்றும் சொல்லாமல் பழைய நோட்டை எடுத்து மேஜைமேல் வைத்தார், பக்கத்தில் சிவப்புப் பேனா. இப்போது நோட்டில் கோடு விழுந்த பிறகுதான் போனில் ஏறுகிறது. ஆவணிக்கு மொத்தம் 14 பதிவு. ஒவ்வொன்றையும் திறந்து, ‘காலி’யை ‘பிஸி’ ஆக்கி, அண்ணனுக்குப் போன் போட்டு, "அண்ணே, உங்ககிட்ட எந்தத் தேதியில தெரியுது?" என்று கேட்டுக் கேட்டுச் சரிபார்க்கிறேன். நேற்று இரவு 9 முடித்தேன். இன்னும் 5 பாக்கி.