சாலை கடக்கும் பொத்தான் வெறும் பொம்மையா?

"சிக்னலில் பாதசாரிகள் அழுத்தும் பொத்தானுக்கு இணைப்பே கிடையாது, எல்லா நாட்டிலும் சும்மா ஏமாற்று" என்று ஒரு வாட்ஸ்அப் தகவல் சுற்றுகிறது. நியூயார்க் கதையை உலகத்துக்கே ஒட்டிவிட்டார்கள்.

நியூயார்க்கில் 3,250 பொத்தான்களில் 2,500-க்கு மேல் வேலை செய்யவில்லை என்பது 2004-ல் செய்தியானது. சிக்னல்கள் கணினிக் கட்டுப்பாட்டுக்குப் போன பிறகு, கழற்றினால் செலவு என்று அப்படியே விட்டிருந்தார்கள். ஏமாற்று அல்ல, சிக்கனம்.

பிரிட்டனில் சந்திப்பு இல்லாத இடத்துக் கடவையில் அழுத்தாவிட்டால் பொதுவாகப் பச்சை வராது. 'பஃபின்' வகைக் கடவையில், அழுத்திவிட்டு நடையைக் கட்டினால் சென்சார் அதைக் கவனித்துக் கோரிக்கையை ரத்து செய்யும். மெதுவாக நடப்பவர் பாதி வழியில் இருந்தால் வண்டிகளுக்குச் சிவப்பு நீளும். பொத்தான் இருக்கும் பல பெட்டிகளின் அடியில், விரல் நுனி அளவில், வரிவரியான ஒரு சிறு கூம்பு இருக்கும். பச்சை விழுந்ததும் அது சுழலும். பார்வையற்றவர் தொட்டே தெரிந்துகொள்ளலாம்.

சிங்கப்பூரில் 2009 முதல் 'கிரீன் மேன் பிளஸ்' உண்டு. முதியோர் தங்கள் சலுகை அட்டையைத் தட்டினால் கடவையின் அகலத்தைப் பொறுத்து 3 முதல் 13 விநாடி கூடுதலாகக் கிடைக்கும்.

சரி, அழுத்தியும் உடனே மாறுவதில்லையே? சந்திப்பில் அது டோக்கன் எடுப்பது மாதிரிதான், முறை வரும்வரை நிற்க வேண்டும். நெரிசல் நேரத்தில் சில இடங்களில் அழுத்தாமலே பச்சை வரும். சந்தேகம் கிளம்புவதே அங்கேதான்.